கடுகுக்கு நாள் குறித்தாச்சு

என் கணவரின் அண்ணனுக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஹாரன். நேரில் மாமா என்றுதான் கூப்பிடுவேன், மரியாதைக்கு ஒரு குறைவும் வைக்கமாட்டேன். ஆனால் நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பொழுது விடிந்தால் அடைந்தால் ரோட்டில்தான் இருக்கிறேன். காரணமே இல்லாமல் அடித்துக்கொண்டு, முன்னால் போகிற உலகமெல்லாம் தனக்காக ஒதுங்க வேண்டும் என்று நினைக்கிற ஆட்களைத் தினமும் பார்க்கிறேன். மாமாவுக்கு வேறு என்ன பெயர்தான் வைப்பது?

அந்த ஹாரன்தான் எங்கள் கடுகுக்கு ஜோடி பேசி முடித்தார். எங்களைக் கேட்காமல்.

கடுகு எங்கள் நாய். ஐந்து வயது, ஆண், லேப்ரடார். வந்த அன்று கறுப்பாக, உருண்டையாக என் கைப்பைக்குள் அடங்கினான் என்று சின்னவள் அந்தப் பெயரை வைத்தாள். இப்போது அவன் சோபாவில் ஏறிப் படுத்தால் மனிதர்கள் தரையில்தான் உட்கார வேண்டும். எங்கிருந்தோ அவனைக் கொண்டுவந்து கொடுத்தவர் ஹாரன். "நான் குடுத்த நாய்" என்று அவர் சொல்லாத நாள் இல்லை. கொடுத்தது அவர், சரி. அவன் அசிங்கத்தை அள்ளிக் கொட்டியது யார்? தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது யார்? வாரம் தவறாமல் குளிப்பாட்டுவது யார்? நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் என்று ஒரு பழமொழி சொல்கிறார்களே, அதைச் சொன்ன ஆள் ஜென்மத்தில் ஒரு நாயையும் குளிப்பாட்டியிருக்க மாட்டான். குளிப்பாட்டியிருந்தால் பேசுவதற்கு அவனிடம் மூச்சு மிஞ்சியிருக்காது.

குளிப்பாட்டுகிறவளுக்குத்தான் சில விஷயங்கள் தெரியும். கடுகுக்கு ஒரு விதைதான் வெளியே. இன்னொன்று இறங்கவே இல்லை, வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்டது. குட்டியாக இருந்தபோதே நாய் டாக்டரம்மா சொன்னார்.

"வளர்ந்ததும் ரெண்டையும் எடுத்துடுங்கம்மா. உள்ள தங்கினது பின்னாடி கட்டியா மாறலாம். இவனை வச்சுக் குட்டி எடுக்கவும் வேணாம். பொறக்கிறதுங்களுக்கும் இதே வரும்."

நான் அன்றே சரி என்றேன். இவர்தான், "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் பண்ணலாமே" என்றார். எங்கள் வீட்டில் மின்விசிறி மாட்டினாலும் அண்ணனிடம் ஒரு வார்த்தை. பள்ளிக்கூடத்தில் பெண்ணைச் சேர்த்தாலும் அண்ணனிடம் ஒரு வார்த்தை. தகப்பன் இல்லாத வீட்டில் இவரைத் தோளில் போட்டு வளர்த்தவர் அண்ணன், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல இவருக்கு வாய் வந்தால்தானே? ஒவ்வொரு வருஷமும் தள்ளிப்போயிற்று.

போன வாரம் குளிப்பாட்டும்போது அடிவயிற்றில் என் கை பட்டதும் கடுகு முனகினான். அவன் முனகுகிற ஜாதியே இல்லை. பட்டாசுக்குக்கூடக் கொட்டாவி விடுகிறவன். ஈரத்தோடு ஈரமாகத் துண்டைச் சுற்றி டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே தங்கியது வீங்கத் தொடங்கியிருந்தது.

"இப்பவே எடுத்தா பயமில்ல. விட்டீங்கன்னா என் கையில இல்ல" என்றார் டாக்டரம்மா. திங்கட்கிழமை காலைக்கு நாள் குறித்துக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். இவர் மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற வேலை பார்ப்பவர். நாள் முழுக்க மெஷின் சத்தத்தில் இருப்பதாலோ என்னவோ, வீட்டில் இவர் குரலைக் கேட்பது அபூர்வம். கடுகின் தலையைத் தடவிக்கொண்டே, "பண்ணிடலாம்" என்றார். எனக்கு ஆச்சரியம். அடுத்த வார்த்தை வந்தது. "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை..."

இந்த முறை சொல்லியும் தொலைத்தார். ஃபோனில். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹாரன் எங்கள் கூடத்தில் இருந்தார். கூடவே இவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தம்பி வீட்டில் ஒரு முடிவு எடுக்க வேண்டும் என்றால் இரண்டு பேரும் சேர்ந்துதான் வருவார்கள். ஒருவர் சத்தம் போடுவார், இன்னொருவர் பெருமூச்சு விடுவார்.

ஹாரன் ஒரு டயர் ஷோரூமில் மேனேஜர். முதலாளி வீட்டில் ஒரு பெண் லேப்ரடார் இருக்கிறது. கடுகின் ஃபோட்டோவைக் காட்டி, "எங்க வீட்டுச் சிங்கம் சார்" என்று பீற்றிக்கொண்டு, குட்டி எடுத்துத் தருவதாக முதலாளியிடம் எப்போதோ வாக்குக் கொடுத்துவிட்டிருக்கிறார். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சோபாவில் சாய்ந்துகொண்டு, "முதலாளியும் நானும் இனிமே சம்பந்தி" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"மாமா, அவனுக்கு உள்ள வீங்கியிருக்கு" என்றேன்.

"அதான் ஒண்ணு வெளிய இருக்கே! ஒண்ணு போதாதா? சிங்கம்மா அவன்."

"சிங்கமோ சுண்டெலியோ, வலிக்குது மாமா அவனுக்கு. நாளைக்கு ஆபரேஷன்."

"நாளைக்கா? பொண்ணு இப்பத்தான் பருவத்துக்கு வந்திருக்கு. நாளைக்குக் காலையில நானே கொண்டுவந்து விடுறேன். ஒரு வாரம் இங்க இருக்கட்டும். குட்டி நின்னுதுன்னு தெரிஞ்ச பிறகு என்ன வேணா பண்ணிக்கோ."

"நிக்கலேன்னா?"

"நிக்கலேன்னா அடுத்த பருவம். ஆறு மாசம்தானே? ஓடிடும்."

ஆறு மாதம் ஓடிவிடுமாம். கடுகு ஓட வேண்டாமா? டாக்டரம்மா சொன்னதை வரிவிடாமல் சொன்னேன். குட்டிகளுக்கும் இந்தக் குறை வரும் என்றேன். ஹாரன் காதில் எதுவும் ஏறவில்லை. ஹாரனுக்குக் காது ஏது? சத்தம் வெளியே போகத்தானே அது.

"டாக்டருங்க அப்படித்தாம்மா சொல்வாங்க. ஆம்பளை நாய்க்குப் போயி இந்த அநியாயமா? அதுக்கு மானம் ரோஷம் இருக்காதா? நாளைக்கு அது தெருவுல தலைநிமிர்ந்து நடக்குமா?"

"தெருவுல அது தலை குனிஞ்சுதான் மாமா நடக்கும். மோந்து பாக்கணுமே."

சின்னவள் களுக்கென்று சிரித்துவிட்டாள். பெரியவள் அவளை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்போதுதான் அண்ணி தன் பெருமூச்சை விட்டார். வரும் என்று எனக்குத் தெரியும். எங்கே வந்து இடிக்கும் என்பதும் தெரியும்.

"விடுண்ணா. இவளுக்கு எப்பவுமே அவசரம். அன்னைக்கும் இப்படித்தான். சொல்லச் சொல்லக் கேக்காம ஓடிப்போய் ஆபரேஷன் பண்ணிக்கிட்டா. கொஞ்சம் பொறுத்திருந்தா ஒரு பையன் பொறந்திருப்பான். சாண் பிள்ளை ஆனாலும் ஆண் பிள்ளை. இப்ப வாயில்லா ஜீவனையும் விட்டுவைக்க மாட்டேங்கிறா."

இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். எனக்கு இரண்டும் பெண். சின்னவள் பிறந்தபோது எனக்கு ரத்தப்போக்கு நிற்கவே இல்லை. பிழைத்ததே பெரிது. இன்னொரு பிரசவத்தை இந்த உடம்பு தாங்காது என்று ஆஸ்பத்திரியில் இவரைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். எனக்குக் கருத்தடை என்றால் அந்த உடம்போடு மயக்க மருந்து, வயிற்றில் கத்தி. இவர் அதிகம் யோசிக்கவில்லை. "நான் பண்ணிக்கிறேன்" என்றார். பல் பிடுங்கிக்கொண்டு வருகிறவர் மாதிரி போனார், செய்துகொண்டார், வந்தார். இரண்டு நாள் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்தார். வானம் இடிந்து விழவில்லை. மீசை உதிரவில்லை. மூன்றாம் நாள் லென்ஸ் தேய்க்கப் போய்விட்டார்.

"அண்ணனுக்கு மட்டும் தெரிய வேணாம்" என்று கேட்டுக்கொண்டார். அண்ணன் ஆண்பிள்ளைத்தனத்தைப் பற்றிப் பேசுகிற பேச்சு அப்படி. நானும் ஒத்துக்கொண்டேன். எனக்காகத் தன் உடம்பைக் கொடுத்த மனுஷன் கேட்கும்போது எப்படி மாட்டேன் என்பேன்?

ஆனால் ஊருக்கு ஒரு பதில் வேண்டும் இல்லையா? ஏன் மூன்றாவது இல்லை? அண்ணியே பதிலைக் கண்டுபிடித்துக்கொண்டார். நான்தான் அவசரப்பட்டுப் போய்ச் செய்துகொண்டேனாம். போகிற விசேஷ வீட்டிலெல்லாம் சொன்னார். துக்க வீட்டிலும் சொன்னார். என் பெண்களை இரண்டு பக்கமும் உட்கார வைத்துக்கொண்டு, அவர்கள் தலைக்கு மேலேயே சொன்னார். ஒருநாள் பெரியவள் என்னிடம் வந்து, "நாங்க ரெண்டு பேரும் போதலையாம்மா?" என்று கேட்டாள். அன்றைக்கு நான் கிளாஸ் எடுக்கப் போகவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் என்று எதுவுமே நடக்கவில்லை, பழி மட்டும் என் தலையில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. சின்னவளுக்கு இப்போது பதினொரு வயது. அத்தனை வருஷமாக.

அன்று அவர்கள் கிளம்பிப் போனதும் சமையலறையில் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன். இவர் வந்து பக்கத்தில் நின்று, கழுவிய தட்டைத் துடைத்தார். துடைத்த தட்டையே திரும்பத் துடைத்தார்.

"உங்க அண்ணன் கேட்டாரே, மானம் ரோஷம் இருக்காதான்னு. நீங்க சொல்லியிருக்கலாமே. உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சுன்னு."

"நாய் விஷயம் பேசும்போது அது எதுக்கு?"

"நாய் விஷயமா பேசினாங்க? உங்க அக்கா எதைப் பேசினாங்க?"

தட்டை அடுக்கில் வைத்தார். "எனக்கு வாய் வர மாட்டேங்குது" என்றார்.

"உங்களுக்கு வாய் வர்ற வரைக்கும் கடுகு இருப்பானான்னு தெரியல. நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறேன். யார் வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை. இப்போதும் இல்லை.

திங்கட்கிழமை காலையில் எனக்கு முதல் கிளாஸ் பேங்க் சாருக்கு. பேங்கில் பெரிய வேலையில் இருப்பவர், தலை நரைத்த பிறகு ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிறார். மிகவும் பயந்தவர். நின்றுகொண்டிருக்கிற வண்டியிலேயே இண்டிகேட்டர் போடுவார். எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து வண்டி எடுப்பது வழக்கம். பின்சீட்டில் கடுகு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திகைத்துவிட்டார்.

"மேடம், இன்னைக்கு எனக்கு டெஸ்ட்டா?"

"இல்ல சார். அவருக்கு ஆபரேஷன். நாம கிளினிக் வரைக்கும் ஓட்டிப் பழகுறோம். பெல்ட்டைப் போடுங்க."

வண்டி நகரவில்லை, அதற்குள் தெருமுனையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. உண்மையான ஹாரன். மாமாவின் கார் எங்கள் குறுகலான தெருவுக்குள் மூக்கை நுழைத்து நேருக்கு நேர் வந்து நின்றது. முன்சீட்டில் அண்ணி. பின்சீட்டு ஜன்னலில் மணப்பெண், நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு. அது பாவம், அதற்கு என்ன தெரியும்? அழகான நாய். எனக்கு அதன்மேல் ஒரு கோபமும் இல்லை.

ஹாரன் இறங்கி வந்து எங்கள் பானட்டில் கையை வைத்தார்.

"எங்கம்மா கிளம்பிட்ட? நாயை இறக்கு."

"மாமா, வண்டியைக் கொஞ்சம் பின்னால எடுங்க. லேட்டாகுது."

"நான் எடுக்க மாட்டேன். எப்படிப் போறேன்னு பாக்குறேன்."

பேங்க் சார் பயத்தில் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டார். எங்களுக்குப் பின்னால் தெருவின் மறுகோடி காலியாக இருந்தது.

"ரிவர்ஸ் போடுங்க சார்" என்றேன்.

"மேடம், ரிவர்ஸ் இன்னும் சொல்லித் தரலையே."

"இப்ப சொல்லித் தரேன். கிளட்ச்சை முழுசா மிதிங்க. கியரைப் போடுங்க. திரும்பிப் பின்னால பாருங்க, முன்னால நிக்கிறவரைப் பாக்காதீங்க. மெதுவா விடுங்க. என் காலடியிலயும் ஒரு பிரேக் இருக்கு, பயப்படாதீங்க."

அந்த மனுஷன் திரும்பிப் பார்த்தார். கடுகின் மூஞ்சி அவர் மூஞ்சியில் இடித்தது, ஒரு முறை நக்கியும் வைத்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிளட்ச்சை விட்டார் பாருங்கள்! கோடு போட்ட மாதிரி வண்டி பின்னால் போயிற்று. குப்பைத்தொட்டி தப்பியது, நிறுத்தியிருந்த சைக்கிள் தப்பியது, பால்காரர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். ஹாரன் கையை ஓங்கி ஏதோ கத்தியபடியே சின்னதாகிக்கொண்டு போனார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பெரிய ரோட்டுக்கு வந்து சேர்ந்ததும், "பாஸ் சார் நீங்க" என்றேன். அவர் இடது பக்கம் திரும்ப வலது இண்டிகேட்டர் போட்டார்.

பேங்க் சாரை ஆட்டோவில் அனுப்பிவிட்டு உள்ளே போனேன். கிளினிக்கில் பெஞ்சு நிறையக் கூட்டம். பினாயில் வாசனை. ஒரு பெரியவர் மடியில் பூனைக்கூடை. ஒரு பெண் முயலை மாரோடு அணைத்துக்கொண்டு இருந்தாள். உதவிக்கு இருக்கும் பெண் கடுகை எடை போட்டு, முன்காலில் கொஞ்சம் முடியை மழித்தாள். கடுகு என் செருப்பின்மேல் மோவாயை வைத்துப் படுத்துக்கொண்டான். டாக்டரம்மா உள்ளே கூப்பிட வெளியே வந்த நேரமும் வாசலில் ஹாரனின் கார் வந்து நின்ற நேரமும் ஒன்றாக இருந்தது.

இவரையும் கூட்டிவந்திருந்தார்கள். கூட்டிவந்தார்கள் என்பதைவிட ஏற்றிவந்தார்கள் என்று சொல்லலாம். இவர் கடைக்குப் போகிற சட்டையில் இருந்தார். பின்சீட்டில் மணப்பெண்ணோடு உட்கார்ந்து வந்ததால் சட்டை முழுக்க முடி.

"டாக்டர், நிறுத்துங்க!" ஹாரனின் குரலில் முயல் துள்ளியது. "இந்த நாய் என் தம்பி பேர்ல இருக்கு. இந்தம்மா தன் இஷ்டத்துக்குக் கூட்டிட்டு வந்திருக்கு. தம்பி சம்மதிக்கல."

டாக்டரம்மா இவரைப் பார்த்தார். "கார்டு உங்க பேர்லதான் இருக்கு. ஸ்கேன் என்ன சொல்லுதுன்னு உங்க வீட்டம்மாகிட்ட சொல்லியிருக்கேன். இனிமே தள்ளிப்போட்டா நான் பொறுப்பில்ல. நீங்க சொல்லுங்க. பண்ணவா, வேணாமா?"

"அவன் என்ன சொல்வான்?" என்றார் ஹாரன். "ஒரு ஆம்பளைகிட்டக் கேக்குற கேள்வியா இது? ஏன்டா, உன்னை இப்படிப் படுக்கப் போட்டு அறுக்கிறேன்னா நீ ஒத்துக்குவியா?"

இவர் கண்ணாடியைக் கழற்றி, முடி ஒட்டிய சட்டையிலேயே துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார். அவ்வளவுதான், இன்றைக்கும் தரையைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். கடுகின் பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இவர் வேண்டாம் என்றால் இவரையும் இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே போவதென்றுதான் இருந்தேன்.

"ஒத்துக்கிட்டேண்ணா" என்றார்.

"என்னது?"

"படுத்தேன். பண்ணிக்கிட்டேன். சின்னவ பொறந்த மாசம்." டாக்டரம்மா பக்கம் திரும்பினார். "நீங்க பண்ணுங்க டாக்டர். அவனுக்கு ஒண்ணும் குறைஞ்சு போயிடாது."

உதவிக்கு இருந்த பெண் மெல்ல, "சார், அது வேற, இது வேற" என்றாள்.

"தெரியும்மா. எங்க அண்ணனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

ஒரு பூனை கத்தியது. டாக்டரம்மா எதுவுமே நடக்காத மாதிரி என் கையிலிருந்து பெல்ட்டை வாங்கிக்கொண்டு கடுகை உள்ளே அழைத்துப் போனார். அவன் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். "போடா கண்ணு, அம்மா இங்கதான் இருக்கேன்" என்றேன். கதவு மூடிக்கொண்டது.

ஹாரன் பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் தணிந்த குரலில் பேசி நான் கேட்டதே இல்லை, அன்றைக்குக் கேட்டேன்.

"சரி, ஆனது ஆச்சு. இது நமக்குள்ள இருக்கட்டும். வெளிய யாருக்கும் தெரிய வேணாம். என் மானம் போயிடும்டா." என்னைப் பார்த்தார். "நீயும் வாயைத் திறக்காதே."

பூனைக்கூடைப் பெரியவர் எழுந்து வந்து இவர் முதுகில் தட்டினார். "தம்பி, பொண்டாட்டிக்காக இவ்வளவு பண்ண யாருக்கு மனசு வரும்? உங்களைக் கையெடுத்துக் கும்பிடணும்" என்றார். முயல்காரப் பெண்ணும் தலையை ஆட்டினாள். இவருக்கு வெட்கம் தாங்கவில்லை.

எனக்கு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். பெருமைதானே வர வேண்டும்? வந்தது. ஆனால் அதற்கு முன்னால் கோபம் வந்து நின்றது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னார், மாலை விழுகிறது. அதே விஷயத்தை இத்தனை வருஷம் நான் வாயை மூடிக்கொண்டு சுமந்தேனே, எனக்கு யார் முதுகில் தட்டினார்கள்? இடித்ததுதானே மிச்சம்?

அண்ணி இன்னும் நின்றுகொண்டிருந்தார். பெருமூச்சு வரவில்லை அவருக்கு. என் பக்கத்தில் வந்து, "அப்ப உனக்கு..." என்று இழுத்தார்.

"எனக்கு ஒண்ணும் பண்ணல அண்ணி. என் வயித்துல கத்தியே படல."

"ஏன்டி இத்தனை நாள் சொல்லல? நான் எவ்வளவு பேசியிருப்பேன்."

"பேசினீங்க."

"சரி வா, இங்க வேணாம். எல்லாரும் பாக்குறாங்க. வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

வீட்டில் போய்ப் பேசிக்கலாமாம். அங்கேதான் எனக்குப் பொறுமை அறுந்தது.

"நீங்க எங்க அண்ணி வீட்டுல பேசினீங்க? விசேஷ வீட்டுல பேசினீங்க. துக்க வீட்டுல பேசினீங்க. நான் சொல்லித்தந்து லைசென்ஸ் வாங்கினாளே உங்க சிநேகிதி, அவகிட்டப் பேசினீங்க. என் பொண்ணுங்களைப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் பேசினீங்க. எங்கெங்க பேசினீங்களோ அங்கெல்லாம் போய், 'அவ ஒண்ணும் பண்ணிக்கல, நான் தப்பாச் சொல்லிட்டேன்'னு சொல்லிட்டு வாங்க. அதுக்கப்புறம் வீட்டுக்கு வாங்க, உக்காந்து பேசலாம்."

"ஏய், மெதுவா!" என்று சீறினார் ஹாரன். "இப்பத்தானே சொன்னேன், வெளிய தெரியக்கூடாதுன்னு?"

"மாமா, இது இவ்வளவு நாள் என் பேர்ல இருந்துச்சு. அப்ப ஊருக்கெல்லாம் தெரியலாம். இவர் பேருக்கு மாறினதும் யாருக்கும் தெரியக்கூடாதா? என்ன நியாயம் மாமா இது?"

ஹாரன் தம்பியைப் பார்த்தார். "டேய், உன் பொண்டாட்டியை அடக்குடா."

"சொல்லட்டும்ணா" என்றார் இவர். "எனக்கு வாய் வரல. அவளாவது சொல்லட்டும்."

ஹாரன் எழுந்தார். வெளியே காரில் மணப்பெண் குரைத்துக்கொண்டிருந்தது. முதலாளிக்கு என்ன சொல்வது என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். "நாய்க்கு உடம்பு சரியில்லன்னு சொல்லுங்க மாமா, அதுதான் நிஜம்" என்று பின்னாலிருந்து சொன்னேன். கார் கிளம்பிப் போகும்போது தெருவில் யாருக்கும் ஹாரன் அடிக்கவில்லை.

அண்ணி போகவில்லை. எனக்கு ஒரு ஆள் இடம் விட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். இவர் இந்தப் பக்கம். மூன்று பேரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். பூனைக்காரர் போனார், முயல்காரி போனாள். எனக்கு அடுத்தடுத்து இரண்டு கிளாஸ் இருந்தது, ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. உள்ளே இருப்பவன் நினைப்பாகவே இருந்தது. வெளியில் வாய் கிழியப் பேசிவிட்டேன், அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஹாரனுக்கு வாழ்நாள் முழுவதும் அடிக்க ஒரு ஹாரனை நானே வாங்கிக் கொடுத்த மாதிரி ஆகிவிடுமே என்றுகூட நினைத்தேன். பிறகு அதை நினைத்ததற்காக என்மேலேயே எரிச்சல் வந்தது. அவன் பிழைத்தால் போதும், எவன் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளட்டும்.

டாக்டரம்மா வெளியே வந்து முகக்கவசத்தைக் கழற்றினார். "எடுத்தாச்சு. எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. நல்லவேளை, வேற எங்கயும் பரவின மாதிரி தெரியல. சோதனைக்கு அனுப்புறேன். இன்னும் கொஞ்ச நேரத்துல முழிச்சுப்பான். ஆறு மாசம் விட்டிருந்தீங்கன்னா..." என்று நிறுத்தி, தலையை மட்டும் ஆட்டினார்.

இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லார் எதிரிலும் பிடித்தது அதுதான் முதல் தடவை. நான் அழுதேன். ஆமாம், அழுதேன், அதில் என்ன?

அண்ணி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தார்.

"எல்லார்கிட்டயுமா சொல்லணும்?" என்று கேட்டார், ரொம்பச் சின்னக் குரலில்.

பாவமாகத்தான் இருந்தது. வயதில் பெரியவர். போகட்டும் அண்ணி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. பெரியவள் அன்று கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. நாக்கைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"எல்லார்கிட்டயும் அண்ணி. முதல்ல என் பொண்ணுங்ககிட்ட."